ஒருவர் மட்டும் இருக்கிற கட்டம்

இப்படி உட்காருங்கள் தம்பி. பையை மடியில் வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம், கீழே வைக்கலாம், நான் காலை ஒதுக்கிக்கொள்கிறேன். கழுத்தில் பல்கலைக்கழக அட்டை தொங்குகிறதே, அங்கேதானே இறங்குகிறீர்கள்? நானும் அங்கேதான். அதனால்தான் கேட்டேன். மற்றபடி பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கிற ஆள் இல்லை நான். எனக்குக் கூச்சம். வேண்டுமானால் என் வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்க முடியாது. அவள் என்னோடு பேசுவதில்லை.

அதோ, டிரைவருக்குப் பின்னால் பெண்கள் பக்கம், பாசிப்பச்சைச் சேலை. மடியில் ஒயர்கூடை. அதுதான் பஞ்சவர்ணம். ஒரே வீட்டிலிருந்துதான் கிளம்பினோம். நான் முதலில் வந்து நிறுத்தத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து தள்ளி நின்றாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது, நிற்கிற சனம் வேடிக்கை பார்க்கும். ஆனால் எனக்குத் தெரியும். இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் விசாரணை. நான் ஒற்றை ஆளாகப் போகிறேனே என்று துணைக்கு வருகிறாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. கோபம் இருந்தால்கூட இப்படி ஒரு நாளில் வராமல் இருப்பாளா?

பயப்படாதீர்கள், விசாரணை என் மேல் இல்லை. ஒரு டீச்சர் மேல். புகார் கொடுத்தது நான். எஸ்தர் நவமணி என்று பெயர், அரசியல் அறிவியல் துறை. உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் எந்தத் துறை? விலங்கியலா. நல்லது. தவளையிடம் போய் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று உங்கள் துறையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

என் பெயர் சோலைமலை. படிப்பு எட்டாவது. கூட்டுறவு நூற்பாலையில் பேக்கிங் பகுதியில் நூல் சுற்றிய கோன் எண்ணுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு பெட்டி குறைந்தது, ஒரு பெட்டி கூடியது என்கிற பேச்சே என் ஷிப்டில் இருந்ததில்லை. அதைப் பார்த்துத்தான் கட்சியில் என்னைப் பூத் ஏஜென்டாகப் போட்டார்கள். பேச்சாளராகப் போடவில்லை, ஊர்வலத்துக்குக் கூப்பிடவில்லை. பூத்தில் உட்காரவைத்தார்கள். எனக்கும் அதுதான் சரி.

பூத் ஏஜென்ட் என்றால் என்ன என்று உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வாக்குச்சாவடியில் கட்சிக்காக உட்கார்ந்து, வருகிறவர் சரியான ஆள்தானா என்று பார்க்கிற வேலை. அது வெளியில் தெரிகிற வேலை. நான் செய்தது வேறு. வாக்காளர் பட்டியலை எடுத்து வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் பென்சிலால் குறி போடுவேன். நம் ஓட்டுக்கு டிக். அவர்கள் ஓட்டுக்குப் பெருக்கல் குறி. சந்தேகத்துக்குச் சுழி. சாயங்காலம் பெட்டிக்கு சீல் வைத்ததும் துண்டுச்சீட்டில் எண்ணை எழுதி வட்டச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். எண்ணிக்கை அன்றைக்கு எட்டு ஓட்டு, பத்து ஓட்டுக்கு மேல் பிசகாது. எங்கள் தெருவில் யார் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கே தெரிவதற்கு முன்னால் தெரியும்.

இந்தத் தடவைதான் பிசகிவிட்டது. நகராட்சித் தேர்தல். எங்கள் வார்டில் நின்றது வட்டச் செயலாளர் கருத்தபாண்டியே. எதிரில் ஒரு பொம்பளை. லூர்துமேரி. அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்சி கிடையாது, சுயேச்சை. தையல் மிஷின் சின்னம். பெண்கள் கழிப்பிடத்துக்குக் கதவு போடுவேன், விளக்குப் போடுவேன் என்று வீடு வீடாக அடுப்படி வரைக்கும் போய் உட்கார்ந்து பேசினாள். நான் அவளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நாலு ஓட்டில் தோற்றோம்.

நாலு ஓட்டு தம்பி! கருத்தபாண்டி என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, எந்த நாலு?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். நான் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்து, இஸ்திரி போடுகிற மூக்கையா குடும்பம் என்று சொன்னேன். அவன் வீட்டில் நாலு ஓட்டு. கணக்குச் சரியாக வந்தது. பூங்காவை ஒட்டிப் போட்டிருந்த அவனுடைய இஸ்திரி வண்டியை அடுத்த வாரமே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. கேட்டார்கள், சொன்னேன்.

இந்தச் சமயத்தில்தான் எஸ்தர் டீச்சர் வந்து சேர்ந்தார்கள். முதுகலைப் பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியலும் தரவுப் பகுப்பாய்வும் சேர்த்து நடத்துகிறார்களாம். தரவு என்றால் என்னம்மா என்று கேட்டேன். "நீங்க பட்டியல்ல டிக் போடுறீங்கள்லய்யா, அதுதான்" என்றார்கள். மெல்லிய குரல், சின்ன உருவம், பெரிய கண்ணாடி. கட்சி அலுவலகத்தில் போய், தேர்தல் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கருத்தபாண்டி என்னைக் கைகாட்டிவிட்டான்.

வகுப்புக்குப் போனேன். இருபது பிள்ளைகள் இருக்கும், எல்லாரும் ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். டீச்சர் தண்ணீர் கொடுத்து, "பட்டியலைக் காட்டுங்க போதும், மத்ததை நாங்க கேட்டுக்கிறோம்" என்றார்கள். காட்டினேன். குறிகளைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "ஐயா, ஒருத்தர் யாருக்குப் போடுவார்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டான்.

"வீட்டுத் தலைவர் என்ன போடுவாரோ அதுதான்ப்பா வீடு" என்றேன்.

"அப்ப அந்த வீட்டுப் பொம்பளைங்க?" என்றது ஒரு பெண். உமையாள் என்று பெயர். காரைக்குடிப் பக்கம். துறுதுறுவென்று இருக்கும்.

"அவங்களும் வீட்டுலதானம்மா இருக்காங்க" என்றேன்.

வகுப்பே சிரித்தது. எனக்கும் ஒரு தைரியம் வந்தது. நான் பேசி ஒரு கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் சிரிக்கவில்லை. அவர்கள் திரும்பிப் பலகையில், "நாம் எண்ணுவது வீடுகளையா, மனிதர்களையா?" என்று பெரிதாக எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார்கள். நான் சொன்னதைப் பாடமாகவே எழுதிப் போட்டுவிட்டார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளை என்ன கேட்டுச்சு? திரும்பச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "நல்ல பிள்ளை" என்றாள்.

பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கள் வார்டிலேயே ஆய்வு செய்ய வந்தார்கள். தேர்தல் முடிந்த சூடு ஆறாத நேரம். நான் மட்டும் கூட நடக்காவிட்டால் ஒரு வீட்டிலும் கதவு திறந்திருக்காது. நான்தான் முன்னால் போய், "நம்ம பிள்ளைகதான், படிப்புக்காகக் கேக்குது, சொல்லுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். பெயர் எழுத மாட்டோம், யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது என்று அவர்கள் சொன்னதற்கும் நான்தான் சாட்சி.

ஆனால் அவர்கள் கேட்கிற முறை இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்தவரிடம் கேட்கக் கூடாதாம். வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்ததோ அவரிடம்தான் கேட்க வேண்டுமாம். அப்போதுதான் எல்லாருக்கும் சம வாய்ப்பு என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாசம் போட்டிருக்கிறது. பஞ்சவர்ணத்துக்கு ஆதாரில் ஜனவரி ஒன்று. அவர்கள் வந்தது மார்ச்.

"அப்ப அம்மாகிட்டதான் கேக்கணும்" என்றாள் உமையாள்.

"அது பிறந்தநாளே இல்லை தாயி. ஆதார் எடுக்க வந்தவன் தேதி தெரியலைன்னு போட்டது. இவ பிறந்தது ஒரு ஆடி மாசம். எனக்குப் பிறந்தநாள் போன ஜூன்ல வந்துச்சுன்னா இவளுக்கு அதுக்கப்புறம் ஆடியில..." என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்படிப் பார்த்தாலும் அவள்தான் வருகிறாள். நிறுத்திக்கொண்டேன்.

உமையாள் சிரித்துவிட்டு, "ஐயா, நீங்க கொஞ்ச நேரம் டீ குடிச்சிட்டு வாங்களேன். தனியாத்தான் கேக்கணும்" என்றாள். என் வீட்டிலிருந்து என்னை. சரி, படிப்பு விஷயம் என்று வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் பஞ்சவர்ணம் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஓட்டுப் பற்றிய கேள்வியில் சிரிக்க என்ன இருக்கிறது? அவ்வளவு நேரம் பேச அவளிடம்தான் என்ன இருக்கிறது?

என்ன கேட்டார்கள் என்று அப்புறம் கேட்டேன். "என்னமோ கேட்டாங்க, என்னமோ சொன்னேன்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத்தான் தெரியுமே.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பஸ்ஸில் வந்திருக்க மாட்டேன். டீச்சருக்கு ஒரு கொள்கை. மக்களிடம் வாங்கியதை மக்களுக்கே திருப்பிக் காட்ட வேண்டுமாம். வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை, வாங்கிக்கொண்டு போய்ப் புத்தகம் போட்டுவிடுவார்கள். இவர்கள் எங்கள் சமுதாயக் கூடத்தில் திரை கட்டி, நாற்காலி போட்டு, சுண்டலும் கொடுத்தார்கள். தெருவே வந்திருந்தது. கருத்தபாண்டி முன்வரிசை. லூர்துமேரியும் வந்து கடைசியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பஞ்சவர்ணம் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு அட்டவணையாகக் காட்டினார்கள். தண்ணீர் வருகிறதா, சாக்கடை அள்ளுகிறார்களா, யார் சொல்லி ஓட்டுப் போட்டீர்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உமையாள் முறை வந்தது. "கட்சிப் பொறுப்பில் ஆள் இருக்கும் வீடுகளில், பெண்கள் யாருக்கு வாக்களித்தார்கள்?" என்று தலைப்பு. மேலத்தெரு, கிணற்றுத்தெரு இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தாள். கருத்தபாண்டிக்கு ஆறு. சுயேச்சைக்கு ஒன்று. மொத்தம் எட்டு.

நீங்களே சொல்லுங்கள் தம்பி. ஆறும் ஒன்றும் எட்டா?

கூடத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. அந்த ஒன்று யாரோ என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஒன்று முக்கியம் இல்லை, மொத்தம் தவறாக இருக்கிறது. என்னால் உட்கார முடியவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசாதவன், எழுந்துவிட்டேன்.

"தாயி, கூட்டல் இடிக்குது" என்றேன்.

"இல்லங்கய்யா, ஒருத்தங்க பதில் சொல்ல விரும்பலை. அது இந்தப் படத்துல வரலை" என்றாள்.

அது எப்படி? பதில் சொல்லாவிட்டால் மொத்தத்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் காட்ட வேண்டும். நான் விடவில்லை. "தெரு வாரியாப் பிரிச்சுக் காட்டு. எங்க மேலத்தெருவை நான் இங்கேயே சரிபாத்துச் சொல்றேன்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அவர்கள் படித்த படிப்பே அதுதான் போலிருக்கிறது. ஒரு பட்டனைத் தட்டினால் அட்டவணை இரண்டாக, நாலாகப் பிரிகிறது. வகுப்பில் தட்டிக் காட்டுவார்களாம். இங்கே தெருவே பார்க்கிறது. "ஒரே நிமிஷம் ஐயா" என்று தட்டப் போனாள். பின்னாலிருந்து டீச்சர், "உமையாள், வேண்டாம், நிறுத்து" என்று கத்திக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவில் ஓடி வந்தார்கள். நான் என்ன நினைப்பேன்? தவறை மறைக்கிறார்கள் என்றுதானே நினைப்பேன்? "மறைக்காதீங்கம்மா, காட்டச் சொல்லுங்க!" என்று நானும் குரலை உயர்த்தினேன். முன்வரிசையில் கருத்தபாண்டி, "அண்ணே கேக்குறாருல்ல, காட்டுங்கம்மா" என்று கை தட்டினான்.

பிரிந்தது. மேலத்தெரு. மொத்தம் ஒன்று. சுயேச்சை ஒன்று.

மேலத்தெருவில் கட்சிப் பொறுப்பில் ஆள் இருக்கும் வீடு இரண்டே இரண்டுதான் தம்பி. ஒன்று கருத்தபாண்டி வீடு. அங்கே அவனிடமே கேட்டார்கள். இன்னொன்று என் வீடு.

முதலில் சிரித்தது மூக்கையா. "என்னண்ணே, கூட்டல் சரியாயிருச்சா?" என்றான். அப்புறம் எல்லாரும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உமையாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். டீச்சர் ஓடி வந்து மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கி என்ன ஆகப்போகிறது?

இப்போது சொல்லுங்கள், யார் மேல் தவறு? பெயர் எழுத மாட்டோம் என்றார்கள். எழுதவில்லை, உண்மைதான். ஆனால் கேட்டால் உடனே காட்டிவிடுவதா? கேட்கிறவன் ஆயிரம் கேட்பான். படித்த பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

வீட்டுக்கு வந்தோம். அவள் எனக்கு முன்னாலேயே வந்து உலை வைத்திருந்தாள். நான் சத்தம் போடவில்லை தம்பி. கை ஓங்குகிற ஆள் இல்லை நான், தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இது எந்தத் தேர்தல்ல இருந்து?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"சொன்னாத்தான் தெரியும். போன கணக்கையெல்லாம் திருத்தணும்ல" என்றேன்.

உலையில் அரிசியைப் போட்டாள். பிறகு, "நீங்கதான் எண்ணுவீங்களே, எண்ணுங்க" என்றாள். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. சோறு வைக்கிறாள், சட்டை மடிக்கிறாள், மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

என்ன கேட்டீர்கள்? ஏன் என்று கேட்டேனா என்றா? எதை ஏன் என்று? ஏன் மாற்றிப் போட்டாள் என்றா? அதைக் கேட்டு என்ன செய்ய? கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். எந்த வருஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

மறுநாள் டீச்சர் தனியாக வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். "தப்பு எங்க மேலதான்யா. ஒருத்தர் மட்டும் இருக்கிற கட்டத்தைக் காட்டக் கூடாதுன்னு நானே சொல்லிக் கொடுக்கிற பாடம். சின்ன எண்ணா இருந்தா மறைச்சிடணும். அன்னைக்கு நான் முன்னாடியே சரிபாத்திருக்கணும்" என்றார்கள். கண் கலங்கியிருந்தது. நான் சொன்னேன், "ஒண்ணுங்கறதும் எண்ணிக்கைதானேம்மா. மறைச்சா அப்புறம் அது என்ன கணக்கு?" "அம்மாவைப் பாக்கலாமா?" என்று கேட்டார்கள். அவள் உள்ளே வேலையாக இருக்கிறாள் என்று அனுப்பிவிட்டேன்.

உமையாளும் ஒருநாள் வந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. அவளைப் பஞ்சவர்ணமே கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நன்றாகக் கண்டித்து அனுப்பியிருப்பாள். போகும்போது அந்தப் பெண் கையில் ஒரு பொட்டலம் முறுக்கு இருந்தது. கண்டித்தாலும் சின்னப் பிள்ளைதானே.

தெருவில்தான் தலை காட்ட முடியவில்லை. மூக்கையா இப்போது பள்ளிக்கூடத்துக்கு எதிரில் வண்டி போட்டிருக்கிறான். என்னைப் பார்த்தால், "அண்ணே, உங்க வீட்டுத் துணிக்கு இனிமே தனித்தனிக் கணக்கா, ஒரே கணக்கா?" என்கிறான். நிற்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். கருத்தபாண்டி என்னைக் கூப்பிட்டு, அடுத்த தேர்தலுக்குப் பூத்தில் வேறு பையனைப் போடுகிறேன் என்றான். "தெருவையே எண்ணுனீங்க, அடுப்படியை எண்ணலையேண்ணே" என்றான்.

பிறகு அவனேதான் வழியும் சொன்னான். பல்கலைக்கழகத்துக்கு ஒரு புகார். அந்த டீச்சர் லூர்துமேரிக்கு வேண்டியவர்கள், பிள்ளைகளை விட்டுப் பொய்யாக எழுதவைத்தார்கள், என் மனைவி அப்படி ஒன்றும் சொல்லவே இல்லை என்று. அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் அந்த ஒன்று இல்லாமல் போய்விடும். என் பெயர் தெளிந்துவிடும். தோற்றதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். அவனே டைப் அடித்துக் கொண்டுவந்தான். படித்துப் பார்த்தேன். "எழுதப் படிக்கத் தெரியாத என் மனைவியை ஏமாற்றி" என்று இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். தவறான தகவலுக்குக் கீழே நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? திருத்திக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினேன். "ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த என் மனைவியை ஏமாற்றி" என்று மாற்றிக் கொண்டுவந்தான். அப்புறம்தான் போட்டேன்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்?

விசாரணைக் குழு வைத்துவிட்டார்கள். டீச்சருக்கு நிரந்தர வேலை இல்லையாம், வருஷா வருஷம் ஒப்பந்தம். புகாரை ஏற்றுக்கொண்டால் இனிமேல் எடுக்க மாட்டார்கள் என்று சொல்கிறார்கள். பிள்ளைகளின் ஆய்வுக்கு மதிப்பெண்ணை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கடிதத்தில், புகார் கொடுத்தவர் இன்றைக்கு நேரில் வந்து, இது என் புகார்தான் என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும், வரத் தவறினால் புகார் தள்ளுபடி என்று போட்டிருக்கிறது. கருத்தபாண்டி காரில் கூட்டிப் போகிறேன் என்றான். நான் பஸ்ஸிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது.

டீச்சருக்கு வேலை போவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. என் கையில் தண்ணீர் கொடுத்தவர்கள். ஆனால் நான் என்ன செய்ய? என் வீட்டைப் பற்றி நானே ஒன்று சொல்ல, ஊரே இன்னொன்றைத் திரையில் பார்த்துவிட்டது. இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும்?

குழுவில் ஐந்து பேர். பஞ்சவர்ணத்தையும் கேட்பார்களோ என்னவோ. கேட்டாலும் பயம் இல்லை. அவள் நான் சொல்வதைத்தான் சொல்வாள். இத்தனை வருஷத்தில் வெளியாள் முன்னால் என் பேச்சை அவள் மறுத்ததில்லை. அதற்குத்தானே வருகிறாள். வீட்டில் பேசாமல் இருப்பது வேறு, சபையில் விட்டுக்கொடுப்பது வேறு. நீங்கள் ஒரு உதவி செய்ய முடியுமா? இறங்குகிற இடத்தில் அவளிடம் போய், "பிள்ளைங்கதான் தப்பா எழுதிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்" என்று மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னால் திரும்ப மாட்டாள். வேண்டாமா? சரி. நீங்கள் ஏன் இதில். விடுங்கள்.

பல்கலைக்கழக ஆர்ச் வந்துவிட்டது. அவள் எழுந்துவிட்டாள், பாருங்கள். பஸ் நிற்கிறதற்குள் எழுந்திருக்கிறாள், விழுந்து வைப்பாள். பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

அங்கே நிழற்குடையில் நிற்பது யார்? ஜன்னல் கண்ணாடியில் தூசி, சரியாகத் தெரியவில்லை. உமையாளா? ஆமாம், உமையாள்தான். கூட டீச்சர். இவர்கள் எதற்கு நிறுத்தத்துக்கு வந்திருக்கிறார்கள்? எனக்காக இருக்காது. பஞ்சவர்ணம் இறங்கிவிட்டாள், அந்தப் பெண் ஒயர்கூடையை வாங்கிக்கொள்கிறாள். பஞ்சவர்ணம் டீச்சரிடம் என்னவோ சொல்கிறாள். டீச்சர் வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டுகிறார்கள். இவள் விடவில்லை. டீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளே முன்னால் நடக்கிறாள். வழி தெரிந்தவள் மாதிரி நடக்கிறாள்.

அவளை யாரும் கூப்பிடவில்லை என்று சொன்னேன் இல்லையா. யாரும் கூப்பிடவில்லைதான்.

நீங்கள் இறங்குங்கள் தம்பி. எனக்காக நிற்க வேண்டாம். நான் இறங்கவில்லை. கால் மரத்துப் போயிருக்கிறது. அந்தக் கட்டிடம் வரைக்கும் இந்த வெயிலில் நடக்க வேண்டும், இல்லையா? முடியாது. செல்போன் என்னுடையதுதான் அடிக்கிறது. கருத்தபாண்டியாக இருக்கும். அடிக்கட்டும். கண்டக்டர், ஐயா, நான் இறங்கலை, கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் மாத்திக் குடுங்க. ஆமா, தெரிஞ்சுதான் சொல்றேன்.

தம்பி, ஒரு நிமிஷம். உள்ளே கேண்டீன் இருக்கும் இல்லையா? விசாரணை என்றால் மதியம் தாண்டிவிடும். அவளைப் பார்த்தால் முதலில் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் கிளம்பினாள். அவள் பசி தாங்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தாங்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.